நீ வாங்கி வந்தது சரியான மாத்திரைதான்

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வரும், டவர் போய்விடும், மறுபடி லைன் கிடைக்கும்போது "சாப்பிட்டியா சாமி" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் அங்கன்வாடிப் பிள்ளைகள் ஊட்டுக்குப் போன பிறகு, சத்துமாவு மூட்டைமேல் நோட்டை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. உனக்கு அனுப்பும் முன்பு நம் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டப்போகிறேன். ஏன் என்று படிக்கப் படிக்க உனக்கே புரியும். புரிந்த பிறகு என்மேல் உனக்கு வரும் கோபத்துக்கு இப்போதே தலையைக் குனிந்து வைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து தொடங்குகிறேன். "ஜெர்மனி போகலீங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள பதில் கேட்டிருக்காங்க, வேண்டாம்னு எழுதிடறேன்" என்றாய். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நான் கத்தினேன். ஆறு வருடம் பெங்களூரில் கண் எரிய எரியப் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கி, அவர்களே கூப்பிட்டுக் கொடுக்கிற ஆராய்ச்சி இடத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? அப்புறம்தான் சொன்னாய்: "என் கவனக்குறைவால ஒருதடவை அப்பா போயிட்டாங்க. இப்ப உங்களுக்கும் அதே காச்சல் வந்து பொழச்சிருக்கறீங்க. உங்களத் தனியா விட்டுட்டு நான் போக மாட்டேங்கம்மா." சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது, அதுகூடத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருடமாக அதை நீ சுமந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. மிஞ்சிப்போனால் இன்னொரு கரண்டி சோறு போடுவோம், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு இந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் விரல்கள் உன்னால் மிஞ்சியவை. தை மாதக் குளிரில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பனிக்காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்று அங்கன்வாடிக்குப் பின்னால் இருந்த புதரை அதற்கு முந்தின வாரம்தான் அரிவாள் எடுத்து நானே வெட்டியிருந்தேன். அதற்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. நாலு நாள் கஷாயமும் காய்ச்சல் மாத்திரையுமாக ஓட்டினேன். நீ வீடியோ காலில் என் மூஞ்சியைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான்: "உடம்புல எங்கயாவது கருப்பா, பீடியால சுட்ட மாதிரி பொருக்கு இருக்குதா பாருங்க."

"பீடியால சுட நான் என்ன போலீஸ் ஸ்டேசன்லயா இருக்கறேன், போடி" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "பாவாடை நாடா கட்டற எடத்துல பாருங்க. அக்குள்ல பாருங்க. வலிக்காது, அரிக்காது, அதனால உங்களுக்குத் தெரியாது. நீங்க பாக்கலீன்னா நர்ஸக்காவக் கூப்புடுவேன்" என்றாய். நான் பார்க்கவில்லை. நீயும் சொன்னபடி கூப்பிட்டுவிட்டாய். நம் மலையூர்களுக்கு வருகிற அந்த நர்ஸ் பெண், கைக்குழந்தைக்காரி, மத்தியான வெயிலில் ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்து, கதவைச் சாத்திவிட்டு என் நாடாவை அவிழ்த்துப் பார்த்தாள். இடுப்பின் வலப்பக்கம், நாடா அழுந்துகிற தழும்புக்குள்ளேயே, மிளகு அளவில் ஒரு கருப்புப் பொருக்கு. "அய்யோ டீச்சர், இது உண்ணிக் காச்சலுங்க" என்றாள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி புதரில் இருந்து ஏறிக் கடித்த இடம் அது. ஆம்புலன்ஸ் வந்தது. மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது, அங்கே டாக்டரிடம் நீ ஏற்கெனவே போனில் பேசி முடித்திருந்தாய். மறுநாள் விடிந்ததும் கட்டில் பக்கத்தில் பையும் கையுமாக நின்றாய். அந்த நர்ஸ் பெண்ணுக்கும், எந்தச் சாமி புண்ணியமோ அன்றைக்குச் சரியாகக் கிடைத்த டவருக்கும், பிடிவாதக்காரியான உனக்கும் நான் உயிர்க்கடன் பட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீ மாத்திரை கொடுத்த அழகையும் சொல்ல வேண்டும். முதலில் இரண்டு இட்லி. அது வயிற்றில் இறங்கிய பிறகு கேப்சூல். ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும். அரை மணி நேரம் படுக்கவே விடமாட்டாய். "வெறும் வயித்துல போட்டா கொமட்டி வாந்தியாயிரும். வாந்தியாச்சுன்னா மருந்து வேல செய்யாது. காச்சல் நின்னாலும் நாள் முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்று எனக்கும் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தாய். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. நீ பெருமையாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். வெறும் வயிறு என்று நீ சொன்ன அந்த ஒரு சொல் என்னை என்ன பண்ணியது என்று உனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் உடம்பு கொஞ்சம் தேறியதும் உன்னைக் கேட்டேன். "பெங்களூருல நீ என்னதான் பண்றே? உன்ற அத்தை கேட்டா, கிருமி வளக்கறான்னு சொல்லிட்டு இருக்கறேன்." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "வளக்கறதும் உண்டுங்கம்மா. ஆனா நான் பாக்கறது, கிருமி உள்ள வந்தா நம்ம செல்லு என்ன பண்ணுதுன்னு. செல்லு தன்னையே கொஞ்சம் கொஞ்சமா தின்னும். ஆட்டோஃபேஜின்னு பேரு" என்றாய்.

"அய்யய்யே, அது என்ன கருமம்?"

"கருமமில்லீங்க, அதனாலதான் நீங்க உசுரோட இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் தொங்கிய கேஸ் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தாய். நர்ஸ் வந்து திட்டியதும் செய்தித்தாளின் ஓரத்துக்கு மாறினாய். பத்தாவதோடு நின்ற ஆளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. உன் கூடப் படிக்கிற பெண்ணிடம் சொல்கிற மாதிரி சொன்னாய். அதற்கும் ஒரு நன்றி. நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.

கிருமி செல்லுக்குள் நுழைந்ததும் செல் கூப்பாடு போடுகிறது. அந்தக் கூப்பாட்டைக் கேட்டு இரத்தம் அங்கே ஓடி வருகிறது, சண்டை போடுகிற அணுக்கள் வருகின்றன. சூடு, வீக்கம், வலி, காய்ச்சல் எல்லாம் வருகின்றன. அதைத்தான் அழற்சி என்கிறார்கள். அது கெட்டது என்று நான் நினைத்திருந்தேன். "அது இல்லீன்னா மொத வாரமே செத்துருவோம்" என்றாய். ஆனால் கூப்பாடு போடத் தெரிந்த அளவுக்கு அதற்கு நிறுத்தத் தெரியாது. நிற்காமல் போனால் நம் படையே நம் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழித்துவிடும். அதைக் கட்டுக்குள் வைக்கிற வேலைகளில் ஒன்றைத்தான் இந்த ஆட்டோஃபேஜி செய்கிறது. செல்லுக்குள்ளே மெல்லிய தோல் ஒன்று முளைக்கிறது. வேண்டாத பொருளைச் சுற்றி வளைந்து, வாய் மூடிப் பையாகி, அமிலம் இருக்கிற இன்னொரு பையோடு போய்ச் சேர்ந்து, உள்ளே இருப்பதைக் கரைத்துவிடுகிறது. கரைந்ததில் நல்லதை மறுபடி செல்லே எடுத்துக்கொள்கிறது. உள்ளே வந்த கிருமிமேல் 'இதைத் தூக்கு' என்று ஓர் அடையாளம் ஒட்டிவிட்டால், அதையும் இந்தப் பை பிடித்துக்கொண்டு போய்விடும்.

"கிருமியை மட்டுமா?" என்று கேட்டேன். நீ கட்டில்மேல் கால் மடித்து உட்கார்ந்துவிட்டாய். எனக்கு அந்த உற்சாகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா என்கிற உறுப்புகள் சண்டையில் அடிபட்டு ஒழுக ஆரம்பிக்குமாம். அவையே ஏதோ ஒரு காலத்தில் கிருமிகளாக இருந்து நம்மோடு ஒட்டிக்கொண்டவை என்பதால், அவை ஒழுகினால் இன்னும் கிருமி வந்துவிட்டது என்று செல் இன்னும் பெரிதாகக் கத்துமாம். அடிபட்ட அந்த உறுப்புகளையும் பை எடுத்துப்போய்க் கரைத்துவிடும். கடைசியில், கூப்பாடு போடுகிற கருவி இருக்கிறதே, அதன் பாகங்களையும் கொண்டுபோய்க் கரைக்கும். நான் உடனே சொன்னேன்: "அப்ப திருடனையும் புடிக்குது, ஒடஞ்ச கதவையும் எடுத்துப் போடுது, அப்பறம்தான் கொரைக்கற நாயை அடக்குது. அப்படித்தான?" நீ கை தட்டினாய். "அம்மா, இத என்ற கைடுகிட்டச் சொல்றேன், ஆறு வருசம் நான் எழுதுனத ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்க" என்றாய். இந்த உண்ணிக் காய்ச்சல் கிருமி அந்தப் பைக்கும் தப்பி ஓடுகிற கில்லாடி என்றும், அதனால்தான் கேப்சூலின் துணை கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னாய்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் கேட்டேன். "அப்ப திருடன் உள்ள இருக்கறப்பவே நாயோட வாயை மட்டும் கட்டிட்டா?"

"வீக்கத்துக்குக் குடுக்கற ஸ்டீராய்டு மாத்திரையச் சொல்றீங்களா? காச்சல் மளமளன்னு எறங்கும். ஆளு எந்திரிச்சு நடப்பாங்க, பசிக்குதும்பாங்க. வெளிய பாத்தா சொகமாயிட்ட மாதிரிதான். உள்ள கிருமி பாட்டுக்குப் பெருகிட்டே போகும். டாக்டரு பாத்து, கிருமிக்கு மருந்து போயிட்டு இருக்கறப்ப அளவாக் குடுத்து உசுரக் காப்பாத்துனதும் உண்டுங்க. ஆனா அந்த மருந்து இல்லாம இத மட்டும் போட்டா ஆபத்துதான்."

நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அசதி என்று நினைத்து நீ போர்வையை இழுத்துவிட்டு, "தூங்குங்கம்மா" என்றாய். நான் தூங்கவில்லை, கண்ணு.

இனி எழுதுவதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். நீ பத்தாவது படித்த வருடம், மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மலை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, கேப்சூல் அன்று தீர்ந்துபோயிருந்ததால் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அப்பாவை விட்டு நகர முடியவில்லை. நீதான் பள்ளிக்கூட யூனிபாரத்தோடு பஸ் ஏறி, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பாயின் மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் மேலே வந்தாய். பதினாலு கேப்சூல். அவற்றில் மூன்றுதான் உன் அப்பாவின் வாய்க்குள் போயின. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த மனுசனுக்கு வெறும் வயிற்றில் கொடுத்தேன். மூன்றையும் வாந்தி எடுத்தார். "இந்தக் கருமத்தக் குடுத்தே என்னையக் கொல்லப் பாக்கறயா" என்று என்னைத் திட்டினார். காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது நம் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து மாத்திரை வாங்குகிற ஊர் இது. யாருக்கு எந்த மாத்திரை மிஞ்சினாலும் அங்கன்வாடி டீச்சர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். 'இது தலைவலிக்கு நல்லாக் கேக்குதுங்க', 'இது இடுப்புக்குங்க' என்று சொல்லிக் கொடுப்பார்கள். நானும் ஒரு டாக்டரம்மா மாதிரி வாங்கி டின்னில் போட்டு, வேண்டியவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். எல்லாரும் என்னை மெச்சினார்கள். எனக்கும் தலை கிறுகிறுத்தது. அதில் முட்டி வீக்கத்துக்கு என்று யாரோ கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை இருந்தது. போட்டால் ஒரு மணி நேரத்தில் எந்த வலியும் காய்ச்சலும் ஓடிவிடும் என்று பேர் வாங்கிய மாத்திரை. கேப்சூலை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, அந்த வெள்ளை மாத்திரையைக் கொடுத்தேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். டாக்டரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

என்னமாய்க் கேட்டது தெரியுமா! மத்தியானத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. களி கிண்டச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டார். மறுநாள் மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மிளகுக் கொடிக்குப் போனார். மூன்றாம் நாள் உன்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வாசலூர்பட்டி ஏரிக்குப் போய், டூரிஸ்ட்காரர்கள் காலால் மிதித்து ஓட்டுகிற படகில் உன்னையும் ஏற்றி, தானும் ஏறி, மிதிக்கத் தெரியாமல் ஏரி நடுவில் சுற்றிச் சுற்றி வந்ததைச் சிரித்துக்கொண்டே நீ வந்து சொன்னாய். அந்த ஒரு நாளை நீ எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. அப்பாவின் சிரிப்பும் ஆசையும் அப்பாவுடையவைதான். ஆனால் அன்று அவரை எழுப்பி நடமாட விட்டது நான் கொடுத்த மாத்திரை. அவர் சுகமாகிவிட்டார் என்று நம்பி, ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஐந்தாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உன் அத்தையும் கூட வந்தாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். "வேற என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "வேற ஒண்ணுமில்லீங்க" என்றேன். பயம், கண்ணு. அங்கன்வாடி டீச்சரே இப்படிப் பண்ணலாமா என்று கேட்பார்களே என்கிற பயம். அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் வேறு விதமாகப் பார்த்திருப்பார்களோ என்னவோ. இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே வந்த டாக்டர், "சரியான மருந்து உள்ள போயிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது" என்று சொன்னார். உன் அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். காரியத்தன்று அத்தனை பேர் நடுவில் உன்னைக் கைகாட்டி, "சீட்டப் படிக்கத் தெரியாத புள்ளைய அனுப்பி மாத்திரைய மாத்தி வாங்கி, என்ற தம்பியக் கொன்னுட்டீங்களே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

நான் தரையைப் பார்த்தேன்.

நீ உள்ளே ஓடிப்போய்க் கேப்சூல் அட்டையைத் தேடினாய். பேரைப் படித்துப் பார்த்துச் சரிதானா என்று தெரிந்துகொள்ளத் தேடினாய். "எங்கீங்கம்மா அந்த அட்டை?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். அதை முந்தின நாளே நான் அடுப்பில் போட்டிருந்தேன். பதினோரு கேப்சூல் அப்படியே மிஞ்சியிருக்கிற அட்டை வெளியே வந்தால் கதை தெரிந்துவிடுமே! நான் செய்ததில் மாத்திரை கொடுத்தது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையை எரித்ததை அப்படிச் சொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில், பெற்றவள் நானே தெரிந்தே பாறாங்கல்லை வைத்தேன்.

நீ விஞ்ஞானி, எதையும் அடித்துச் சொல்ல மாட்டாய். கேப்சூல் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பாய். சரி. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுதி. நீ வாங்கி வந்தது சரியான மருந்து. நிறுத்தியது நான். நீ போனில் அப்படிச் சொன்ன மறுநாளே காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய்ப் பாயையும் பார்த்தேன். அவர்மேலும் பழி விழுந்து, நம் ஆட்கள் பன்னிரண்டு வருடமாக அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்கம்மா. அந்தப் பாப்பா சீட்டை ரெண்டு தடவ சத்தமாப் படிச்சுக் காட்டுச்சு. அட்டையில இருந்த பேரையும் எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் பையில வெச்சுச்சு. இத்தன கவனமான புள்ளையான்னு ஊட்ல கூடச் சொன்னேன்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

இதுவரை எழுதியதை நேற்றுச் சாயங்காலம் அங்கன்வாடியில் படித்துவிட்டேன். உன் அத்தை, சித்தப்பா, நர்ஸ் பெண், அக்கம்பக்கம் எல்லாரும் பிள்ளைகளுக்கான குட்டிப் பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் விழுந்த பழியை எல்லார் முன்னாலும்தான் எடுக்க வேண்டும். ஒரு வரியும் விடாமல் படித்தேன். மிஞ்சிய மாத்திரையை யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், என்னிடமும் தர வேண்டாம் என்று சொன்னேன். உன் சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார், இதுவரை என்னோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது. உன் அத்தைதான் கடைசியில் பேசினாள்.

"பன்னண்டு வருசமா அந்தப் புள்ள எங்கூட்டுக்கு வந்தா ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்காது. வாசப்படியோட நிக்கும். படிச்ச திமிருன்னு நெனச்சுட்டு இருந்தேனே நானு" என்றாள். அப்படியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் என்னைப் பார்த்து, "உன்னைய மன்னிக்கறதா வேண்டாமான்னு நான் அப்பறம் பாத்துக்கறேன். மொதல்ல அவளுக்கு எழுது. அத்தை உன்ற கால்ல வேணாலும் விழுகறேன், கப்பலோ ஏரோப்பிளேனோ ஏறிப் போகச் சொன்னேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

இப்போது நான் சொல்வது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நர்ஸ் பெண் வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறாள். புதர்ப் பக்கம் போனால் முழுக்கைச் சட்டை போடுகிறேன், வந்ததும் வெந்நீரில் குளித்துத் துணியை அலசிப் போடுகிறேன். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போவேன், டின்னிடம் போகமாட்டேன். என்னைக் காவல் காக்க நீ இங்கே உட்கார வேண்டியதில்லை. நீ செய்யாத தப்புக்குத் தண்டனையாக உன் படிப்பை நிறுத்தினால், நான் எரித்த அந்த அட்டையோடு உன்னையும் சேர்த்து எரித்தவளாகிவிடுவேன். என்னை மன்னி என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நன்றி சொல்கிறேன். பழியைத் தூக்கிக்கொண்டும் நீ கோணிப்போகவில்லையே, அதற்கு. அப்பாவைக் கொண்டுபோன காய்ச்சலையே படிக்கப் போனாயே, அதற்கு. உன்மேல் கல்லை வைத்த இந்த அம்மாவையே நாலு நாளில் பொருக்கு தேடிக் காப்பாற்றினாயே, அதற்கு.

மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வருகிறேன் என்று அவர்களுக்கு எழுது. கோபம் இருந்தால் அதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோ, எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. என்றைக்காவது ஒருநாள் திரும்பி வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, மனசு ஆறுகிறவரைக்கும் என்னைத் திட்டு சாமி. நீ திட்டி முடிக்கிறவரைக்கும் நான் சாகமாட்டேன்.

உன் அம்மா